முப்பது வயதில் கரண்டி பிடித்தேன்!

"முப்பது வயது ஆகிவிட்டதா? சரிதான். இனிமேல் நீ இளைஞன் இல்லை!"

சென்ற ஆண்டு என் பிறந்த நாள் அன்று, கூட வேலை செய்கிறவர்கள் இப்படிக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவே, அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். என் மனைவியும் அப்படித்தான். அவளுக்கு ஓவர்லாக் மெஷினில் வேலை. எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு 6 வயது. மகனுக்கு 3 வயது.

காலை எட்டரை மணிக்கு வேலை தொடங்கும். மனைவி ஒரு ஷிப்டு முடித்து, மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாள். நான் ஒன்றரை ஷிப்டு பார்ப்பேன். வீடு திரும்பும்போது மணி ஒன்பது ஆகும்.

பிறந்த நாள் ஆயிற்றே என்று, அன்று பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தைகள் குதித்தன. மனைவி பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் குழந்தைகளுக்கும் வைத்தாள்.

"உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குப் பசி இல்லீங்க. நீங்க சாப்பிடுங்க."

நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். மகன் பாதி பரோட்டாவை மிச்சம் வைத்திருந்தான். அவள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நின்றுகொண்டே அதைத் தின்றாள். தட்டைக் கழுவக் குனிந்து நிமிர்ந்தவள், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அம்மிணி?" என்று ஓடினேன்.

"ஒண்ணும் இல்லீங்க. லேசாத் தலை சுத்துச்சு."

அப்போது மகள் சொன்னாள்:-

"அம்மா தினமும் அப்படித்தாம்ப்பா சுவத்தைப் புடிக்கும்!"

தினமும்! அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அதே ஆண்டில் முப்பது வயது ஆகிவிட்டது. எனக்கு நான்கு மாதம் முன்பே! அன்று பார்சலும் இல்லை, பரோட்டாவும் இல்லை. நான் மறந்தே போனேன்.

நர்சு கேட்ட கேள்வி

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

முப்பது வயது ஆனவர்கள் அங்கே போவது நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, பெண்களுக்கு மார்பகப் புற்று, கருப்பை வாய்ப் புற்று ஆகியவை இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க அரசாங்கம் வகுத்திருக்கும் வயது முப்பதுதான். நோய் முற்றிய பிறகு ஓடுவதற்குப் பதில், முன்கூட்டியே கண்டுகொள்வதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. நாங்கள் அன்றுதான் அதைத் தெரிந்துகொண்டோம்.

எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. மனைவிக்கு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. என் மனைவிக்கு 8.6 இருந்தது!

நர்சு அம்மாள் அவளைப் பார்த்துக் கேட்டார்:-

"நேத்து என்னம்மா சாப்பிட்டே?"

"காலையில டீ..."

"டீயோட?"

"ரெண்டு பிஸ்கட்டுங்க."

"மத்தியானம்?"

"டப்பாவுல சோறு. ஊறுகாய்."

"ராத்திரி?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"குழந்தைங்க மிச்சம் வெச்சது இருந்துச்சுங்க" என்றாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லோருக்கும் சோறு, இவளுக்கு?

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன்.

மகள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், அவளுக்குப் பள்ளியிலேயே உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் கிடைத்தன. மத்தியானம் சத்துணவு. மகனுக்கு அங்கன்வாடியில் சாதம், சாம்பார். எனக்கு மூன்று அடுக்குக் கேரியரில் சோறு, குழம்பு, பொரியல். அதைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டித் தருகிறவள் அவள்.

ஆக, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாட்டுக்கு வழி இருந்தது. சமைக்கிறவளுக்குத்தான் இல்லை!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல்!

மாதவிலக்கில் போகும் ரத்தம் ஒரு காரணம். பிரசவம் ஒரு காரணம். இரும்புச் சத்துக் குறைந்த சாப்பாடு ஒரு காரணம். அதோடு, "எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் நான்" என்ற வழக்கமும் ஒரு காரணம்தானே?

டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். "மூணு மாசம் விடாமப் போடணும். மலம் கறுப்பாப் போகும். பயந்து நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுற நேரத்துல டீ, காப்பி வேண்டாம். எலுமிச்சம் பழத் தண்ணி குடிக்கலாம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரை நாங்க கொடுத்துட்டோம். சாப்பாடு உங்க பொறுப்பு" என்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் அரை ஷிப்டை விட்டுவிடுவது. ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது. அந்த இரண்டு நாளும் ஞாயிற்றுக்கிழமையும் இரவுச் சமையல் என்னுடையது!

சனிக்கிழமைச் சம்பளக் கவரில் பணம் குறைந்தது. குறைந்தது கஷ்டம்தான். ஆனால் குறைந்த ரத்தத்தைவிட அது பெரிய கஷ்டமா?

முதல் நாள் தோல்வி

எனக்குச் சமையல் தெரியாது. சின்ன வயதில் அம்மா செய்யும் அரிசியும் பருப்பும் சாதம் எனக்கு உயிர். கொங்கு நாட்டில் அதை "அரிசிம்பருப்பு" என்போம். மழை பெய்தாலும் அதுதான். காய்ச்சல் விட்டாலும் அதுதான். ஊருக்குப் போய்க் களைத்துத் திரும்பினாலும் அதுதான்.

"அதில் என்ன இருக்கிறது? அரிசியையும் பருப்பையும் குக்கரில் போட்டால் ஆயிற்று!" என்று இறங்கினேன். ஒரு டம்ளர் அரிசி. அரை டம்ளர் துவரம் பருப்பு. இரண்டு டம்ளர் தண்ணீர்.

குக்கரைத் திறந்தேன். சோறு உதிரி உதிரியாக நின்றது. பருப்பு பல்லில் கடக்கென்றது. அடியில் கறுப்பு.

மகன் ஒரு வாய் வாங்கித் துப்பினான். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தயிர் ஊற்றிப் பிசைந்து, அதை முழுவதும் சாப்பிட்டாள். அன்றுதான் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அரிசிம்பருப்புக்குத் தண்ணி எத்தனை டம்ளர்ம்மா?"

"எதுக்குக் கண்ணு கேக்கறே? அவ எங்கே போனா?"

"அவ வீட்லதான் இருக்கா. நான்தான் சமைக்கிறேன்."

"நீ எதுக்குச் சாமி சமைக்கணும்?" என்றாள் அம்மா. குரலில் கோபம் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைசுற்றல், 8.6, மிச்சச் சோறு எல்லாம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்:-

"நானும் அப்படித்தான் கண்ணு, அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். உங்க அப்பா ஒரு நாளும் கேக்கலே. நீயும் கேக்கலே."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"சரி, எழுதிக்கோ. தண்ணி நாலு டம்ளர்" என்றாள் அம்மா.

அம்மா சொன்ன பக்குவம்

வாசகர்களும் எழுதிக்கொள்ளலாம். நான்கு பேருக்கு இது போதும்.

அரிசி ஒரு டம்ளர். துவரம் பருப்பு அரை டம்ளர். இரண்டையும் கழுவி, இருபது நிமிஷம் ஊற வையுங்கள். ஊறினால் பருப்பு சீக்கிரம் வேகும்.

சின்ன வெங்காயம் பதினைந்து. பூண்டு ஆறு பல். தக்காளி இரண்டு. வர மிளகாய் இரண்டு. அரைக் கரண்டி மிளகையும் ஒரு சின்னக் கரண்டி சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

குக்கரில் இரண்டு கரண்டி கடலை எண்ணெய் விட்டு, கடுகு போடுங்கள். வெடித்ததும் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. வெங்காயம் நிறம் மாறியதும் தக்காளி, மஞ்சள் தூள், தட்டிய மிளகு சீரகம். தக்காளி குழைந்ததும் நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போடுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு அரிசியையும் பருப்பையும் போட்டு மூடுங்கள்.

பச்சரிசி என்றால் மூன்று விசில். புழுங்கல் அரிசி என்றால் நான்கு. அடுப்பை நிறுத்தி, ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு மூடியை இழுக்காதீர்கள்!

திறந்ததும் கொத்தமல்லித் தழை. தட்டில் போட்ட பிறகு ஒரு கரண்டி நெய். சின்னக் குழந்தைக்கு மிளகாயை எடுத்துவிட்டு, வெந்நீர் தெளித்து மசித்துக் கொடுங்கள். தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம் போதும்.

அடுப்பு பற்ற வைத்தது முதல் தட்டு வைப்பது வரை, முக்கால் மணி நேரம். கழுவ ஒரு பாத்திரம்!

அன்று மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

ஏழைச் சாப்பாடு அல்ல

"வெறும் அரிசியும் பருப்பும்தானே? இதில் என்ன சத்து?" என்று கேட்பவர்கள் உண்டு.

புரதச் சத்து என்பது பல துண்டுகள் சேர்ந்த சங்கிலி மாதிரி. அந்தத் துண்டுகளில் லைசீன் என்பது ஒன்று. அது அரிசியில் குறைவு, பருப்பில் நிறைய. மெத்தியோனின் என்பது இன்னொன்று. அது பருப்பில் குறைவு, அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. புருஷன் பெண்சாதி மாதிரி!

பருப்பில் இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் செடி கொடிகளில் இருந்து வரும் இரும்பை உடம்பு சுலபமாக ஏற்காது. புளிப்புப் பழங்களில் உள்ள சி வைட்டமின் அதற்குக் கை கொடுக்கும். ஆகவே சாதத்தின்மேல் அரை மூடி எலுமிச்சம் பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்து குறைந்துவிடும். தட்டில் பிழியுங்கள்.

டீயும் காப்பியும் இதற்கு நேர் எதிர். அவை இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் போகட்டும்.

என் மனைவியின் காலைச் சாப்பாடே டீயாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

வாரத்துக்கு நான்கு

ஒரே சாப்பாடு எத்தனை நாள் செய்வது? மெல்ல மெல்ல இன்னும் நான்கு கற்றுக்கொண்டேன். எல்லாம் சுலபமானவை.

முருங்கைக் கீரைப் பருப்பு: பாசிப் பருப்பைக் குழைய வேக வைத்து, உருவிய கீரையைப் போட்டு ஐந்து நிமிஷம். தாளித்து இறக்கிச் சோற்றில் பிசைய வேண்டியதுதான். கீரையைக் காம்பு நீக்கி உருவுவது மகளின் வேலை.

மிளகு ரசமும் முட்டையும்: சளி பிடித்த நாளுக்கு ஏற்றது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளித் தண்ணீரில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் ருசி கெடும். ஆளுக்கு ஒரு அவித்த முட்டை.

வெண்பொங்கல்: பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப் பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். மகளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "எங்க பள்ளிக்கூடப் பொங்கல்தான் நல்லா இருக்கு" என்றாள். மூன்றாவது வாரம், "பரவாயில்லே" என்றாள்.

ராகிக் களி: 100 கிராம் ராகியில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. எலும்புக்கு நல்லது. கிண்டக் கை பலம் வேண்டும். ஆண்கள் செய்ய ஏற்ற வேலை!

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது, கொஞ்சம் ஆட்டு ஈரலும் வாங்குகிறேன். ஈரலில் இரும்பு அதிகம். அந்த இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். மிளகு போட்டு வறுத்தால் போதும். முதல் பங்கு அவளுக்கு.

இவற்றை மறக்காதீர்கள்

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகு மசித்த பருப்பு சாதம் கொடுக்கத் தொடங்கலாம். இரண்டு வயது வரை அதில் சர்க்கரை வேண்டாம். ஒரு வயது வரை உப்பு வேண்டாம். தேனும் கூடாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முந்திரி கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும். பொடித்துக் கொடுங்கள்.

மிஞ்சிய சாதத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்ப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. ரத்த சோகை முற்றிய பிறகு கீரையும் பருப்பும் மட்டும் அதைத் தீர்க்காது. மாத்திரை வேண்டும். மாதவிலக்கில் அதிகமாக ரத்தம் போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "சாப்பாட்டிலேயே சரியாகிவிடும்" என்று காலம் கடத்தாதீர்கள்.

நான்கு தட்டு

மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனைக்குப் போனோம். 11.4 என்று எழுதித் தந்தார்கள்.

"இன்னும் 12 வரலியே" என்றேன்.

"வந்துடும். மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் நர்சு அம்மாள். பிறகு, "நேத்து என்னம்மா சாப்பிட்டே?" என்று அதே கேள்வியைக் கேட்டார்.

இந்தத் தடவை என் மனைவி தலை குனியவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "ராத்திரி அரிசிம்பருப்பு. இவருதான் செஞ்சாருங்க" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சமைத்தது யாராக இருந்தாலும், நான்கு தட்டும் ஒன்றாக வைக்க வேண்டும். நான்கு பேரும் உட்கார்ந்த பிறகுதான் முதல் வாய். சட்டத்தை நடத்துகிறவள் மகள். அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "உக்காரும்மா! அப்பா எடுக்கும்!" என்று அதட்டுகிறாள்.

சென்ற மாதம் அம்மா ஊரில் இருந்து வந்தாள். இரவு நான் சமைத்தேன். பழக்க தோஷம், அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி ஓரமாகப் போய் நின்றாள்.

மகள் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆத்தா, இங்கே நின்னுக்கிட்டு சாப்பிடக் கூடாது! வா, என் பக்கத்துல உக்காரு!"

அம்மா வந்து உட்கார்ந்தாள். நான் சாதம் போட்டு நெய் விட்டேன். ஒரு வாய் எடுத்து மென்றாள். என்னைப் பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி கண்ணு" என்றாள்.

பிறகு, இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.